வாய்திறந்த காவலர்கள்: அமெரிக்க அரசின் ஒற்றுவேலையை அம்பலப்படுத்தியோரின் உந்துதல்கள், 1931–2021

அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களை வெளியிட எட்வர்ட் ஸ்னோடன் எந்த நாளில் துணிந்தார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. அவர் சொல்லும் நாள் 2013 மார்ச் 12. அன்று செனட் குழுவின் முன் அமர்ந்திருந்த தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது ஒரு வகைத் தகவலை என்.எஸ்.ஏ. என்னும் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். இல்லை என்றார் கிளாப்பர். தெரிந்து திரட்டுவதில்லை என்று ஒரு பின்னொட்டும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பதில் தவறு என்று மூன்று மாதம் கழித்து அவரே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது தனக்குள் ஏதோ முறிந்தது என்பது ஸ்னோடனின் வாக்குமூலம்.

மற்ற விடை 2012 ஜூலை. பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழு 2016இல் தந்த அறிக்கையின்படி, மேலாளர்களோடு வாக்குவாதம் செய்து கண்டிக்கப்பட்ட இரண்டு வாரத்திலேயே அவர் ஆவணங்களை மொத்தமாக இறக்கத் தொடங்கிவிட்டார். கிளாப்பரின் பதிலுக்கு எட்டு மாதம் முந்தைய கதை இது. ஸ்னோடன் தரப்பு இதை மறுக்கிறது.

முதல் தேதியை ஏற்றால் அவர் மனச்சாட்சியின் ஆள். இரண்டாவதை ஏற்றால் மேலதிகாரியோடு முறுக்கிக்கொண்ட ஒப்பந்த ஊழியர். அமெரிக்காவில் அரசு ரகசியத்தை வெளியே கொண்டுவந்த ஏறக்குறைய ஒவ்வொருவரைப் பற்றியும் இந்த இரண்டு கதைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. தொண்ணூறு ஆண்டு வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிப்பு நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மனத்தாங்கலும் மனச்சாட்சியும் பெரும்பாலும் ஒரே ஆளிடம், ஒரே கோப்பைப் பற்றி, ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் அமைப்பை வெறுத்தவர்களும் அல்லர்; அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அட்சரம் பிசகாமல் நம்பியவர்கள். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் கெட்டுப்போகும்போது அதில் இருப்பவர்களுக்கு வெளியேறுவது, குரலெழுப்புவது என இரண்டு வழிகள் உண்டு என்றும், பற்று கூடக்கூட இரண்டாவது வழியே கூடுதலாகத் தேர்ந்தெடுக்கப்படும் என்றும் காட்டினார். பற்றில்லாதவன் வேறு வேலை தேடிப் போய்விடுவான். ஹிர்ஷ்மன் விட்டுவைத்த இடம் ஒன்று உண்டு. குரலெழுப்புவதே குற்றம் என்றாகிவிட்ட நிறுவனத்தில் அந்தப் பற்று என்னவாகும்? ரகசிய நிறுவனங்களின் வரலாறு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கூலிக்கு எழுதியவர்

முதல் ஆள் மனச்சாட்சிக்காரர் அல்லர். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் மறைகுறி உடைக்கும் அலுவலகத்தை நடத்திய ஹெர்பர்ட் யார்ட்லி, 1921–22 வாஷிங்டன் கடற்படை மாநாட்டின்போது ஜப்பானியத் தூதர்களின் தந்திகளைப் படித்து, ஜப்பான் எதுவரை இறங்கிவரும் என்று தன் அரசுக்கு முன்கூட்டியே சொன்னவர். 1929இல் வெளியுறவுச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது முறையன்று என்று பணத்தை நிறுத்தினார். அலுவலகம் மூடப்பட்டது. பெருமந்த காலத்தில் வேலையில்லாமல் நின்ற யார்ட்லி, 1931இல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதி விற்றார். அமெரிக்காவில் நன்றாக விற்றது, ஜப்பானில் இன்னும் நன்றாக விற்றது.

நோக்கம் காசு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வெறும் காசு மட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. தன் வாழ்நாள் கைத்திறனை ஒருவர் ஒரு கையெழுத்தில் குப்பைக்கு அனுப்பிவிட்டாரே என்ற ஆற்றாமை அந்த எழுத்தில் உண்டு. இதே ஆற்றாமை எழுபது ஆண்டு கழித்து வேறு ஒரு வடிவில் திரும்பி வந்தது. அரசு யார்ட்லிமீது வழக்குப் போடவில்லை. அதற்குப் பதிலாக 1933இல், வெளிநாட்டு மறைகுறிகளைப் பற்றி எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது.

கேப்டன் பைல், மீடியா ஊர் இரவு

அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தச் சிறு அலுவலகத்தின் இடத்தில் ஒரு பெரிய அரசு எந்திரம் எழுந்தது. என்.எஸ்.ஏ. 1952இல் பிறந்தது, அப்படி ஒரு துறை இருப்பதையே அரசு வெளியில் பேசவில்லை. அந்த எந்திரத்துக்குள்ளிருந்து வந்த முதல் பெரிய குரல் ஒரு வாத்தியாருடையது. மேரிலாந்தின் ஃபோர்ட் ஹோலபர்ட் இராணுவ உளவுப் பள்ளியில் சட்டம் கற்பித்த கேப்டன் கிறிஸ்டஃபர் பைல், இராணுவம் தன் நாட்டு மக்களையே பின்தொடர்வதை அங்கே தெரிந்துகொண்டார். சாதாரண உடையில் சுமார் 1500 இராணுவ ஒற்றர்கள் ஊர்வலங்களையும் கூட்டங்களையும் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள், கறுப்பின உரிமை இயக்கத்தினர் என்று கோப்புகள் குவிந்தன.

பைல் பணிக்காலம் முடிந்து வெளியே வந்தபின் 1970 ஜனவரியில் 'வாஷிங்டன் மன்த்லி' இதழில் எழுதினார். கட்டுரையோடு நிற்காமல் முன்னாள் ஒற்றர்களைத் தேடித் தேடிப் பேசவைத்தார். செனட்டர் சாம் எர்வின் 1971இல் நடத்திய விசாரணைக்கு அந்தச் சாட்சிகளே முதுகெலும்பு. சிப்பாய்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது பைலின் வேலை. சொல்லிக்கொடுத்த சட்டத்தைத் தன் இராணுவமே மீறுவதைக் கண்டார். கலகக்காரருக்குரிய கோபம் அவரிடம் தென்படவில்லை. விடைத்தாளைத் திருத்துபவரின் பொறுமைதான் தெரிகிறது.

அதே 1971 மார்ச் 8 இரவு, முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் நியூயார்க்கில் மோதிய குத்துச்சண்டையை உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரின் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் ஒரு சிறு குழு புகுந்தது. இவர்கள் உள்ளாட்கள் அல்லர், கண்காணிக்கப்பட்டவர்கள். தலைமை ஏற்றவர் ஹேவர்ஃபோர்டு கல்லூரி இயற்பியல் பேராசிரியர் வில்லியம் டேவிடன். அமைதி இயக்கத்துக்குள் எஃப்.பி.ஐ. ஆட்களை நுழைத்திருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், ஆதாரம் யாரிடமும் இல்லை. பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சான்று வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி நினைத்ததில் வியப்பில்லை. சமயவியல் பேராசிரியர் ஜான் ரெய்ன்ஸும் மனைவி பானியும் மூன்று சிறு பிள்ளைகளின் பெற்றோர். சிறைக்குப் போக நேர்ந்தால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று உறவினரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். பானி ரெய்ன்ஸ் கல்லூரி மாணவிபோல முன்கூட்டியே அந்த அலுவலகத்துக்குப் போய், பெண்களுக்கு எஃப்.பி.ஐ.யில் என்ன வேலை கிடைக்கும் என்று பேட்டி எடுக்கும் சாக்கில் பூட்டுகளையும் அலமாரிகளையும் பார்த்துவந்தார்.

அள்ளிவந்த கோப்புகளில் ஒன்று, எதிர்ப்பாளர்களை அடிக்கடி போய் விசாரித்து, ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்குப் பின்னாலும் எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறான் என்ற பிரமையை ஏற்படுத்துமாறு சொன்னது. இன்னொரு தாளில் 'கோயின்டெல்ப்ரோ' என்ற பெயர் இருந்தது. இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டம் அதன்வழியேதான் பின்னர் வெளியே வந்தது. குழுவினர் பெரும்பாலோரின் பெயர்கள் 2014இல்தான் தெரிந்தன. நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து விளம்பர ஆசை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

எல்ஸ்பெர்க்: ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்ட ஒரு முடிவு

இந்த வரலாற்றில் தன் உந்துதலைத் தானே மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் டேனியல் எல்ஸ்பெர்க். அதற்குக் காரணமும் உண்டு. நிகழ்தகவே தெரியாத சூழலில் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதுதான் ஹார்வர்டில் அவர் ஆராய்ந்த பொருள். பொருளியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் 'எல்ஸ்பெர்க் முரண்' அதிலிருந்து வந்தது. கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் அணுப்போர்த் திட்டங்களை ஆராய்ந்தவர். பெண்டகனில் முழுநேர வேலையில் அவருடைய முதல் நாள் 1964 ஆகஸ்ட் 4. டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகத் தந்திகள் வந்த நாள் அது. தாக்குதல் நடந்ததே சந்தேகம் என்று கப்பல் தலைவர் அனுப்பிய அடுத்த தந்தியும் அவர் மேசைக்கு வந்தது. அன்றிரவு அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, சந்தேகத்துக்கு இடமில்லாதவர்போலப் பேசினார். எல்ஸ்பெர்க் வாய் திறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் மிகவும் வருந்தியது அந்த மௌனத்தை எண்ணித்தான்.

இரண்டு ஆண்டுகள் வியட்நாமில் இருந்து போரைக் கண்ணால் பார்த்தார். பாதுகாப்புச் செயலர் மக்னமாரா 1967இல் தொடங்கிவைத்த, அந்தப் போரைப் பற்றிய ரகசிய வரலாற்றின் எழுத்தாளர்களில் ஒருவரானார். அது 47 தொகுதிகளாக, ஏழாயிரம் பக்கங்களாக வளர்ந்தது. ட்ரூமன் தொட்டு நான்கு அதிபர்களும் வெளியே ஒன்று சொல்லி உள்ளே ஒன்று செய்ததை அதன் பக்கங்கள் காட்டின. இதெல்லாம் தெரிந்த வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் நகல் எடுக்கவில்லை. எல்ஸ்பெர்க்கை அவர்களிடமிருந்து பிரித்தது எது?

இங்கே தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. 1968 ஏப்ரலில் பிரின்ஸ்டனில் நடந்த ஒரு மாநாட்டில் எல்ஸ்பெர்க், மதராஸிலிருந்து வந்திருந்த ஜானகி என்ற காந்தியப் பெண்மணியைச் சந்தித்தார். பகைவன் என்ற கருத்தே இல்லாத மரபிலிருந்து வருவதாக அவர் சொன்னது, பகைவர்களைக் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு முதலில் புரியவே இல்லை. தன் நினைவுநூலில் எல்ஸ்பெர்க் இந்த உரையாடலுக்குத் தனி இடம் தந்திருக்கிறார். ஜானகி வழியாகக் காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் படிக்கத் தொடங்கினார். 1969 ஆகஸ்டில் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் போர் எதிர்ப்பாளர்கள் கூடிய மாநாட்டுக்குப் போனார். டேவிடன் பாடம் நடத்திய அதே கல்லூரி. கட்டாய இராணுவச் சேவையை மறுத்துச் சிறை செல்லவிருந்த ராண்டி கெஹ்லர் என்ற இளைஞர் அங்கே பேசினார். நண்பர்களெல்லாம் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நானும் போகப்போகிறேன் என்று ஏதோ ஊருக்குப் போவதைச் சொல்வதுபோல அவர் சொன்னதைக் கேட்டு எல்ஸ்பெர்க் கூட்டத்தைவிட்டு எழுந்து, கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். போரை நிறுத்த நான் சிறைக்குப் போகவும் தயார் என்றால் என்னால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் எழுந்தது.

கேள்விக்கும் செயலுக்கும் நடுவில் இன்னும் ஒரு மாதம். செப்டம்பர் 30 காலையில் அவர் படித்த செய்தி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இராணுவச் சிறப்புப் படையினர்மீதான வழக்கு கைவிடப்பட்டது என்பது. கீழ்நிலைச் சிப்பாய் முதல் வெள்ளை மாளிகைவரை ஒவ்வொரு படியிலும் ஒருவர் பொய் சொல்லியிருப்பதை அந்தச் செய்தியில் அவர் கண்டார். அந்தப் பொய்ச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இனி இருக்கப்போவதில்லை என்று தீர்மானித்து, ராண்டின் முன்னாள் சகா ஆன்டனி ரூஸோவை அழைத்தார்.

போர் பற்றிய உண்மைகள் அவருக்கு ஐந்தாண்டாகத் தெரியும். புதிதாக வந்தது உண்மை அல்ல. ஊரறியச் சொல்லப்பட்ட ஒரு பொய். ஸ்னோடன் கிளாப்பரைச் சுட்டுவதற்கும் எல்ஸ்பெர்க் இந்தச் செய்தியைச் சுட்டுவதற்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள். தெரிந்த ரகசியத்தைப் பலர் ஆயுள் முழுக்கச் சுமந்துவிடுகிறார்கள். அந்த ரகசியத்தைப் பற்றி மேலதிகாரி பொதுவில் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் சிலருக்குத் தாங்காமல் போகிறது. அதுவரை ரகசியக் காப்பு என்ற கடமையில் இருந்தவர், அந்தக் கணத்தில் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறார்.

நகலெடுப்பு லாஸ் ஏஞ்சலஸில் ரூஸோவின் தோழியின் விளம்பர நிறுவனத்தில் இரவு இரவாக நடந்தது. அலுவலகத்தின் திருட்டு எச்சரிக்கை மணி தவறாக அடித்து முதல் நாளே போலீஸ் கதவைத் தட்டியது. உள்ளே வந்து பார்த்துவிட்டு, மணியைச் சரியாக அணைக்கச் சொல்லிவிட்டுப் போனது. ஒருநாள் பதின்மூன்று வயது மகன் ஜெராக்ஸ் எந்திரத்தில் நின்றான், பத்து வயது மகள் தாள்களின் தலையிலிருந்த 'அதிரகசியம்' முத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கினாள். சீக்கிரமே சிறைக்குப் போய்விடுவோம், தகப்பன் பைத்தியம் பிடித்து இதைச் செய்யவில்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கட்டும் என்பது அவர் தந்த விளக்கம். இந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளைக் குற்றத்துக்கு உடந்தையாக்குவதில் ஒரு தன்முனைப்பும் இருக்கிறது. உந்துதல் கலப்படமில்லாமல் கிடைப்பதில்லை.

நாளிதழுக்குப் போவதற்குமுன் அவர் செனட்டர்களிடம் போனார். ஃபுல்பிரைட்டிடம் பிரதி தந்தார், மக்கவர்னிடம் பேசினார். யாரும் அவையில் வைக்கவில்லை. 1971 ஜூன் 13இல்தான் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிடத் தொடங்கியது. உச்ச நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகையின் பக்கம் நின்றது. எல்ஸ்பெர்க்மீது போடப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு அதிகபட்சத் தண்டனை 115 ஆண்டுகள்.

அவருடைய உந்துதலை அறிய வெள்ளை மாளிகைக்கும் ஆர்வம் இருந்தது, வேறு வகையில். 1971 செப்டம்பரில் அதன் ஆட்கள் பெவர்லி ஹில்ஸில் இருந்த அவருடைய மனநல மருத்துவர் லூயிஸ் ஃபீல்டிங்கின் அலுவலகத்தை உடைத்து உள்ளே போனார்கள். இவன் ஏன் செய்தான் என்பதற்கு ஒரு நோயை விடையாகத் தேடிய திருட்டு அது. ஆனால் 1973இல் நீதிமன்றத்தில் எல்ஸ்பெர்க்கின் வழக்கறிஞர் அவரையே பார்த்து, ஏன் நகலெடுத்தீர்கள் என்று கேட்டபோது, அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. வழக்குக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று நீதிபதி பர்ன் அதை நிறுத்தினார். மருத்துவர் அலுவலகத் திருட்டும் சட்டவிரோத ஒட்டுக்கேட்டலும் வெளியே வந்து, அரசின் முறைகேட்டைக் காரணம் காட்டி 1973 மே 11 அன்று வழக்கு தள்ளுபடியானது. ஆகவே எல்ஸ்பெர்க் விடுதலையானது அவர் செய்தது சரி என்பதனால் அல்ல.

ஒரு கலப்படம்

அதே ஆண்டுகளில் வாட்டர்கேட் செய்திகளைக் கசியவிட்ட மார்க் ஃபெல்ட், எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரி. 1972 மே மாதம் அதன் இயக்குநர் ஹூவர் இறந்ததும் நாற்காலி தனக்குத்தான் என்று எண்ணியிருந்தார். அதிபர் நிக்சன் வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அடுத்த மாதமே வாட்டர்கேட். பதவிப் போட்டியில் ஆடிய ஆட்டம்தான் இது என்று மேக்ஸ் ஹாலண்ட் 2012இல் ஒரு நூலே எழுதினார். எஃப்.பி.ஐ. விசாரணையை வெள்ளை மாளிகை அமுக்கப் பார்த்ததைத் தடுக்க நினைத்தார் என்பாரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், தலைமறைவுத் தீவிரவாதிகளின் உறவினர் வீடுகளில் வாரண்ட் இல்லாமல் புகுந்து சோதனையிட உத்தரவிட்டதற்காக 1980இல் ஃபெல்ட் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வழக்கில் அவருக்கு ஆதரவாகச் சாட்சிக்கூண்டில் ஏறியவர் நிக்சன். அடுத்த ஆண்டு அதிபர் ரீகன் மன்னித்தார். ஓர் அரசின் அத்துமீறலை அம்பலப்படுத்தியவர் இன்னோர் அத்துமீறலின் தலைவராக இருந்ததை எந்தத் தூய உந்துதல் கோட்பாடும் விழுங்க முடியாது.

முறையான கதவுகள்

எழுபதுகளின் விசாரணைகளால் 1978இல் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் வந்தது. அமெரிக்கரை ஒட்டுக்கேட்க ரகசிய நீதிமன்றத்தின் வாரண்ட் வேண்டும். என்.எஸ்.ஏ.வில் அடுத்த தலைமுறை இந்தச் சட்டத்தை வேதம்போலப் படித்து வளர்ந்தது. இருபத்து மூன்று ஆண்டு கழித்து, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், புஷ் அரசு வாரண்ட் இல்லாமல் கேட்கத் தொடங்கியபோது முதலில் அதிர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையினர்தாம்.

வில்லியம் பின்னி முப்பது ஆண்டுக்கும் மேல் பணியாற்றிய கணிதர். சகாக்களோடு அவர் உருவாக்கிய 'தின்த்ரெட்' என்ற மென்பொருள், அமெரிக்கர்களின் அடையாளங்களை மறைகுறியாக்கி வைக்கும். வாரண்ட் இருந்தால்தான் திறக்கும். முகமை அதை ஒதுக்கிவிட்டு, 'டிரெயில்பிளேசர்' என்ற திட்டத்தில் நூறு கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. அது கடைசியில் உருப்படாமலே கைவிடப்பட்டது. தன் கருவியிலிருந்து பாதுகாப்பைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் உள்நாட்டு மக்கள்மீது ஏவியதாக அறிந்த பின்னி 2001 அக்டோபர் கடைசியில் வேலையை விட்டார். யார்ட்லியிடம் பார்த்த அதே கைத்தொழிலாளியின் ஆற்றாமை இவரிடமும் உண்டு, ஆனால் அது வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் செய்த பொருள் வீணாயிற்று என்ற குறையும், அது சட்டத்துக்கு எதிராகத் திரும்பிற்று என்ற கோபமும் அவரிடம் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி இருந்தன. எதிராளிகள் முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டினார்கள். ஆதரவாளர்கள் இரண்டாவதை மட்டும்.

பின்னியும் கூட்டாளிகளும் பத்திரிகைக்குப் போகவில்லை. 2002இல் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரிடம் முறைப்படி புகார் கொடுத்தார்கள். முகமையின் உள்ளே மூத்த அதிகாரியாக இருந்த தாமஸ் டிரேக் அந்த விசாரணைக்கு உதவினார். 2007 ஜூலையில் பின்னியின் வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்தது. குளித்துக்கொண்டிருந்தவருக்கு நேராகத் துப்பாக்கி நீட்டப்பட்டது. நவம்பரில் டிரேக்கின் வீடு. 2010இல் டிரேக்மீது 35 ஆண்டுவரை சிறை தரக்கூடிய பத்துக் குற்றச்சாட்டுகள். அடுத்த ஆண்டு வழக்கு நொறுங்கி, ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தார். அதற்குள் வேலையும் ஓய்வூதியமும் போயிருந்தன. ஆப்பிள் கடையில் வேலை பார்த்தார். புகார் கொடுத்தவர்களைப் பற்றிய விவரங்களை ஆய்வாளர் அலுவலகமே நீதித்துறைக்குக் கொடுத்தது என்று அந்த அலுவலகத்தின் முன்னாள் உயரதிகாரி ஜான் கிரேன் பின்னர் குற்றஞ்சாட்டினார்.

இதே காலத்தில் நீதித்துறை வழக்கறிஞர் தாமஸ் டாம், 2004இல் சுரங்க ரயில் நிலையத்தின் பொதுத் தொலைபேசியிலிருந்து 'நியூயார்க் டைம்ஸ்' நிருபரை அழைத்தார். அவருடைய தந்தையும் தந்தையின் உடன்பிறந்தவரும் ஹூவர் கால எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரிகள், அரசு விசுவாசம் வீட்டுச் சோறு. பத்திரிகை ஓராண்டுக்கும் மேல் செய்தியை அடக்கிவைத்து, 2005 டிசம்பர் 16 அன்று வெளியிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் மார்க் கிளைன் துணிந்தார். சான்பிரான்சிஸ்கோவில் ஃபோல்சம் தெருவின் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனக் கட்டடத்தில் தொழில்நுட்ப ஊழியராக இருந்தவர் இவர். ஏழாம் மாடியில் இணையக் கம்பிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தக் கண்ணாடியிழைகளில் ஓடும் ஒளியைப் பிரிப்பான் ஒன்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆறாம் மாடியின் 641ஏ அறைக்கு அனுப்பியது. அந்த அறைக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் இணைப்பு வரைபடங்கள் கையில் இருந்தன. எல்லாருடைய மின்னஞ்சலும் பிரதியாகிப் போகிறது என்று கம்பியைத் தொட்டவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் பயந்துகொண்டிருந்தார். 2004இல் ஓய்வுபெற்றார். 2006 ஜனவரியில் மின்வெளி உரிமைகளுக்கான ஓர் அமைப்பின் வாசலில் போய் நின்றார்.

ஓய்வுபெற்ற பிறகு என்பது அற்பச் செய்தி அல்ல. பைல் இராணுவத்தைவிட்டு வந்தபின் எழுதினார், பின்னி வேலையை விட்டபின் புகார் தந்தார். மனச்சாட்சி எல்லாருக்கும் இருக்கலாம். மாதச் சம்பளத்தின் பிடியிலிருந்து ஒரு காலையாவது எடுத்தவருக்குத்தான் அது நடக்கிறது. உந்துதலைப் பற்றிய உளவியல் ஆய்வுகளில் இந்தச் சாதாரண உண்மைக்குப் போதிய இடமில்லை என்பது என் குறை. அரசியல் உளவியல் அறிஞர் ஃபிரெட் ஆல்ஃபோர்ட் 2001இல் வெளியிட்ட நூலில், தான் சந்தித்தவர்கள் வேறு வழியே இருக்கவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னதைப் பதிவுசெய்தார். தன்னோடு தானே வாழ முடியாமல் போகும் என்ற அச்சம் அது. நுட்பமான கருத்துதான். ஆனால் வேறு வழியில்லை என்று உணர்வதற்கும் ஒரு நேரம் வாய்க்க வேண்டியிருக்கிறது.

டிரேக்கைப் படித்தவர்

ஸ்னோடன் பிறந்தது கடலோரக் காவற்படைக் குடும்பத்தில். ஈராக் போருக்கு ஆதரவாக 2004இல் இராணுவத்தில் சேர்ந்து காயத்தோடு திரும்பினார். 2009இல் ஓர் இணைய அரட்டையில், ரகசியங்களைக் கசியவிடுவோரைச் சுட வேண்டும் என்ற தொனியில் எழுதியிருக்கிறார். நான்கே ஆண்டில் அவரே அந்த இடத்தில் நின்றார். இதை முரண் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இது தொடர்ச்சியாகவே படுகிறது. ரகசியம் புனிதம் என்று அவ்வளவு ஆவேசமாக நம்பியவருக்குத்தான் அது பொய்க்குத் திரையாகும்போது அவ்வளவு கோபம் வரும்.

அவர் எடுத்த வழியை முன்னவர்களின் தலைவிதி வகுத்தது. டிரேக் இல்லாவிட்டால் ஸ்னோடன் இல்லை என்று அவரே கூறியிருக்கிறார். முறையான கதவைத் தட்டியவருக்குத் துப்பாக்கி வந்தது, ஆகவே தட்டவில்லை. ஆதாரமில்லாமல் பேசியவர்களை அரசு எளிதில் மறுத்தது. ஆகவே ஆவணங்களோடு வந்தார். உள்நாட்டில் இருந்தவர்கள் வழக்கில் கரைந்தார்கள். ஆகவே ஹாங்காங் ஓட்டல் அறை. 2013 ஜூன் 5 அன்று, வெரைசான் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்கச் சொன்ன ரகசிய நீதிமன்ற உத்தரவு 'கார்டியன்' இதழில் வந்தது. அடுத்த நான்கு நாளில் அவரே பெயரைச் சொன்னார். மேலாளரோடு தகராறு நடந்திருக்கலாம். அது நடந்ததாலேயே மற்றது பொய்யாகிவிடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஒபாமா, ஸ்னோடனைத் தேசபக்தர் என்று தான் கருதவில்லை என்றார். 2015இல் நாடாளுமன்றம் அந்த அழைப்பு விவரத் திரட்டலை நிறுத்தியது. 2020 செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதமாக நடந்தது என்று தீர்ப்பளித்தது. ஸ்னோடன் இன்னும் ரஷ்யாவில்.

உந்துதலே வேண்டாம், விளைவு போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. சி.ஐ.ஏ.வின் இணைய ஊடுருவல் கருவிகளைக் கசியவிட்ட ஜோஷுவா ஷுல்ட்டை அலுவலகப் பகைக்குப் பழிவாங்கியவராகவே அரசுத் தரப்பு நிறுவியது. 2024இல் 40 ஆண்டு சிறை. விமானப்படைக் காவற்பிரிவு இளைஞர் ஜாக் டெஷேரா, உக்ரைன் போர் ஆவணங்களை இணைய நண்பர் குழுவில் போட்டுப் பெருமையடித்துக்கொண்டார். 15 ஆண்டு. ஈராக்கில் இருந்தபடி 2010இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் தந்த செல்சி மேனிங், போரைப் பற்றி மக்கள் விவாதிக்க வேண்டும் என்று விரும்பியதாக நீதிமன்றத்தில் நீண்ட அறிக்கை படித்தார். 35 ஆண்டு விதிக்கப்பட்டு, பின்னர் ஒபாமாவால் குறைக்கப்பட்டது. இந்த மூவரையும் ஒரே கோணியில் கட்டுகிறது 1917ஆம் ஆண்டின் ஒற்றாடல் சட்டம். பழிதீர்த்தவன், வீம்புக்குப் போட்டவன், ஊருக்குச் சொன்னவன் என்ற வேறுபாட்டைக் கேட்கும் இடம் அதில் இல்லை. மேனிங் வழக்கிலும் நோக்கம் பற்றிய சாட்சியம் பெரும்பாலும் தண்டனைக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. நீதிமன்றம் கேட்க மறுப்பதால்தான் உந்துதல் பற்றிய விசாரணை முழுவதும் தொலைக்காட்சியிலும் நாடாளுமன்றக் குழு அறிக்கைகளிலும், சாட்சிகளும் குறுக்கு விசாரணையும் இல்லாமல் நடக்கிறது.

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோக ஒருவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். 2021 மே மாதம், தொண்ணூறு வயது எல்ஸ்பெர்க், அரை நூற்றாண்டாகத் தன்னிடம் வைத்திருந்த இன்னொரு ரகசிய ஆய்வின் பக்கங்களை 'நியூயார்க் டைம்ஸ்' நிருபரிடம் வெளிப்படையாகக் கொடுத்தார். 1958இல் தைவான் நீரிணை நெருக்கடியின்போது சீனாமீது அணுகுண்டு வீச அமெரிக்கத் தளபதிகள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அவை காட்டின. என்மேல் ஒற்றாடல் சட்டத்தில் வழக்குப் போடுங்கள், உச்ச நீதிமன்றம்வரை போய் இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடுவோம் என்று அறைகூவினார். நீதித்துறை வழக்குப் போடவில்லை. 2023 ஜூன் 16 அன்று அவர் இறந்தார்.